மண்சரிவுச் செய்தியை எடுத்துவிடச் சொல்கிறார்கள், எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் மலைப் பள்ளத்தாக்கில் பதினோரு சிற்றூர்கள். நாங்கள் நான்கு பேர் மூன்று ஆண்டுகளாக ஃபேஸ்புக்கில் உள்ளூர்ச் செய்திப் பக்கம் நடத்துகிறோம்; வாட்ஸ்அப் குழுவும் உண்டு. சென்ற ஆண்டிலிருந்து விடுதிக்காரர்களும் வீட்டில் அறை விடுபவர்களும் சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை தருகிறார்கள். அதற்கு ஈடாகச் சுற்றுலா விளம்பரத்தையும் அதே பக்கத்தில் போடுகிறோம். மழைக்காலத்தில் மண்சரிவுச் செய்தி போட்டோம். முன்பதிவுகள் மளமளவென்று ரத்தாகின. “எங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு எங்கள் வயிற்றிலேயே அடிக்கிறீர்கள், அந்தச் செய்தியை எடுங்கள்” என்கிறார்கள். இன்னொரு தலைவலி: நாங்கள் போட்ட ஓர் அருவிப் படம் பரவி, ஞாயிறுதோறும் கார்கள் வந்து வயலுக்குப் போகும் வழியை அடைத்துவிடுகின்றன. வருபவர்கள் யாரும் தங்குவதில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? தனி இணையதளம் தேவையா? கையில் பணம் அதிகம் இல்லை.

பதில்: எடுக்காதீர்கள். எடுத்தாலும் பயன் இல்லை. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. நீங்கள் எடுத்த மறுநிமிடம் யாரோ ஒருவர் எடுத்த நடுங்கும் வீடியோ சுற்றத் தொடங்கும். அதில் எந்த இடம், என்று நடந்தது என்று எதுவும் இருக்காது.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய அந்தப் பதிவைப் படித்தேன். “மலைப்பாதையில் மண்சரிவு, போக்குவரத்து துண்டிப்பு” என்று தலைப்பு. கீழே மூன்று வரி, ஒரு படம். உள்ளூர்க்காரருக்கு இது போதும். எந்த வளைவு என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் தொலைவில் ஒரு நகரத்தில் உட்கார்ந்து, அடுத்த வாரத்துக்கு அறை பதிவு செய்திருப்பவருக்கு உங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே ‘மலைப்பாதை’தான். அவர் ரத்து செய்ததற்குக் காரணம் மண்சரிவு அல்ல. எங்கே, எப்போது, எவ்வளவு என்று தெரியாததுதான்.

அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்:

“செவ்வாய் 14ஆம் தேதி காலை 7.40: கீழ்ப்பாலத்துக்கும் 9ஆவது கிலோமீட்டர் கல்லுக்கும் இடையில் மண் சரிந்துள்ளது. அந்த வழியில் எந்த வண்டியும் போக முடியாது. மேற்குச் சாலை திறந்திருக்கிறது. பயணம் 50 நிமிடம் கூடும். பெரிய பேருந்துகள் அதில் திரும்ப முடியாது. மேலுள்ள ஏழு ஊர்களிலும் மின்சாரம் இருக்கிறது. தகவல்: சாலைப் பணி மேற்பார்வையாளர். அடுத்த தகவல் பகல் 12 மணிக்கு.”

இதில் அதிக வேலை செய்வது கடைசி வரி. “அடுத்த தகவல் 12 மணிக்கு” என்று பார்த்தவர் பெரும்பாலும் 12 மணிவரை காத்திருப்பார். அது இல்லையென்றால் உடனே விடுதிக்குப் போன் போடுவார், அல்லது நேராக ரத்து செய்வார். ஆகவே 12 மணிக்கு நிலைமை மாறாவிட்டாலும் “மாற்றம் இல்லை, இயந்திரம் வேலை செய்துகொண்டிருக்கிறது, அடுத்த தகவல் 4 மணிக்கு” என்று போட்டே ஆகவேண்டும். ஒருமுறை தவறினால் அடுத்தமுறை உங்கள் நேரத்தை யாரும் நம்பமாட்டார்கள். இன்னொன்று, ‘சாலை எப்போது திறக்கும்’ என்று நீங்களாக ஊகித்து எழுதாதீர்கள். பணி செய்பவர் சொன்னால் அவர் சொன்னதாக மட்டும் எழுதுங்கள்.

தேதி தலைப்பிலேயே இருக்க வேண்டும் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பைப் பகிரும்போது தெரிகிற சிறு முன்னோட்டத்தில் தலைப்பும் படமும் வரும், செய்தி வெளியான தேதி வராது. அந்த முன்னோட்டம் அனுப்புபவருடைய போனில், அனுப்பும் நேரத்தில் உருவாவது. பிறகு நீங்கள் செய்தியைத் திருத்தினாலும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தது மாறாது. மூன்று மாதம் கழித்து, நல்ல வெயில் நாளில், அந்தப் பழைய முன்னோட்டம் ஏதோ ஒரு குடும்பக் குழுவில் ‘ஐயோ பாருங்கள்’ என்று மறுபடி கிளம்பும். தலைப்பில் தேதி இருந்தால் அது அங்கேயே அடங்கிவிடும். படத்திலும் அப்படித்தான்: ஓரத்தில் தேதியையும் இடத்தையும் எழுத்தாகப் பதித்த பிறகே வெளியிடுங்கள். சரிவுச் செய்திக்கு முந்தைய ஆண்டின் படத்தைப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். படம் இல்லையென்றால் படம் இல்லாமலே போகட்டும்.

சாலை திறந்ததும் தனிப்பதிவு ஒன்றைப் போட்டு முடித்துக்கொள்வது பலரும் செய்யும் தவறு. அடைத்த செய்தி பரவும் வேகத்தில் திறந்த செய்தி ஒருநாளும் பரவாது. எனவே தனிப்பதிவோடு, பழைய பதிவையே திறந்து அதன் முதல் வரியாக “வியாழன் 16ஆம் தேதி மாலை 3 மணி: சாலை திறந்துவிட்டது, ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகளை மட்டும் விடுகிறார்கள்” என்று சேர்த்துவிடுங்கள். சொந்தத் தளத்தில் என்றால் இணைப்பு முகவரியை மாற்றாமல் தலைப்பை மட்டும் மாற்றுங்கள். ஃபேஸ்புக் பழைய தலைப்பையே சேமித்து வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். அதன் ‘ஷேரிங் டீபக்கர்’ கருவியில் உங்கள் இணைப்பைக் கொடுத்து ‘ஸ்க்ரேப் அகெய்ன்’ பொத்தானை அழுத்தினால் புதியது வரும். இரண்டு நிமிட வேலை.

விடுதிக்காரர்கள் உண்மையில் பணம் கொடுக்க வேண்டியது அருவிப் படத்துக்கு அல்ல, ‘இன்றைய நிலை’ என்ற ஒரே ஒரு பக்கத்துக்கு என்பது என் கருத்து. மலைக்கு வருபவர் புறப்படும் முன் கடைசியாகத் தேடுவது அழகான காட்சியை அல்ல. ‘சாலை திறந்திருக்கிறதா’ என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு நம்பகமான பதில் கிடைக்கும் ஊருக்கே அவர் கிளம்புவார்.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு சாலைக்கும் ஒரு வரி, கடைசிப் பேருந்து, எரிபொருள் இருப்பு, எந்த நிறுவனத்தின் சிக்னல் எந்த ஊரில் கிடைக்கிறது, பனிமூட்டம், மூடப்பட்ட நடைபாதைகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது சரிபார்க்கப்பட்ட நேரம். காலை 6.30, மாலை 5 என்று நாளுக்கு இருமுறை புதுப்பித்தால் போதும். எழுத்து மட்டும் வையுங்கள். பக்கத்தின் மொத்த எடை 50 கிலோபைட்டுக்குள் இருக்கட்டும். கொண்டை ஊசி வளைவில் ஒற்றைக் கோடு சிக்னலில் திறக்க வேண்டிய பக்கம் அது. 18 மணிநேரம் யாரும் புதுப்பிக்கவில்லை என்றால் “இந்தத் தகவல் பழையது, நேரில் கேட்டுக்கொள்ளவும்” என்று பக்கமே தானாகக் காட்டும்படி சிறு நிரல் எழுதித்தரச் சொல்லுங்கள். பழைய தகவல் புதியதுபோல் நிற்பது, தகவலே இல்லாததைவிட ஆபத்து.

பெரிய மழையில் முதலில் போவது மின்சாரம், அடுத்தது இணையம். எனவே பள்ளத்தாக்குக்கு வெளியே வசிக்கும் உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் கடவுச்சொல் இருக்க வேண்டும். இணையம் படுத்த பிறகும் குறுஞ்செய்தி சில நேரம் போகும். “கிழக்கு மூடல், மேற்கு திறப்பு, 7.40” என்று வந்தால் அவர் ஏற்றிவிடுவார். இதை மழைக்கு முன்பே ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

ரத்துப் பிரச்சினையும் இந்தப் பக்கத்தால் பாதி தீரும். எல்லா விடுதிகளும் ஒரே விதியை வைத்துக்கொள்ளலாம்: வருகைக்கு முந்தைய நாள் மாலை 5 மணி நிலவரப்படி வருகிற சாலைகள் இரண்டும் மூடியிருந்தால், கட்டணமில்லாமல் தேதி மாற்றம். ஒரு சாலை திறந்திருந்தால் வழக்கமான விதி. விருந்தினரும் விடுதிக்காரரும் வாதாடத் தேவையில்லை. இருவருக்கும் பொதுவான சாட்சியாக அந்தப் பக்கம் இருக்கிறது. தேதி மாற்றத்தை முதலில் சொல்லி, பணத்தைத் திருப்பித் தருவதை இரண்டாவதாகச் சொன்னால், பலர் முதலாவதையே எடுத்துக்கொள்வார்கள்.

இனி, செய்தியும் விளம்பரமும் ஒரே பக்கத்தில் கலந்திருப்பது. உங்கள் மேல் விடுதிக்காரர்களுக்கு வந்த கோபத்துக்கு வேர் இதில்தான் இருக்கிறது. பணம் வாங்கும்போது எதற்கு வாங்குகிறோம் என்று எழுதிக்கொள்ளவில்லை. அரைப் பக்கம் போதும்: எத்தனை விளம்பரப் பதிவுகள், எத்தனை மாதம், யாருடைய பெயரில், செய்தியை வெளியாகும் முன் பணம் தருபவர் பார்க்க முடியாது, நீக்கச் சொல்ல முடியாது, தகவல் பிழை என்றால் சுட்டிக்காட்டலாம், அன்றைக்கே திருத்துவோம். விளம்பரப் பதிவின் முதல் சொல்லாக ‘விளம்பரம்’ என்று இருக்கட்டும். இறுதியில் ஹேஷ்டேக் கூட்டத்தில் ஒளித்து வைப்பது ஏமாற்று. நான்கு பேரில் ஒருவர் விளம்பரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். அவர் செய்தி எழுதக் கூடாது. கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்திலேயே வெளியிடுங்கள். சிறிய ஊரில் ‘யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள்’ என்ற பேச்சு எப்படியும் நடக்கும். சரியான எண்ணோடு நடக்கட்டுமே.

விளம்பரம் பார்ப்பவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த பதிவுகள் மனிதர்களைக் கேட்டுக்கொண்டு வெளியே வருவதில்லை. சாலை மூடிய காலையில் “வாருங்கள், மேகங்களோடு நடக்கலாம்” என்று ஒரு படம் தானாகப் போய் நிற்கும். நிலைப் பக்கத்தில் ‘மூடல்’ என்று எழுதிய கையோடு, குறித்துவைத்த பதிவுகளையும் காசு கட்டிய விளம்பரங்களையும் நிறுத்திவைப்பது ஒரே வேலையாகப் பழகவேண்டும்.

தனி இணையதளம் தேவையா என்றால், ஆம், தேவை. 2023 ஆகஸ்டில் கனடாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தரச் சொன்ன இணையச் செய்திச் சட்டம் தொடர்பான தகராறில் மெட்டா நிறுவனம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி நிறுவனங்களின் பதிவுகளை அங்கே முடக்கியது. அதே மாதம் யெல்லோநைஃப் நகரத்தையே காட்டுத்தீயால் காலிசெய்ய வேண்டி வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப் பகுதிகளிலும் தீ. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற செய்தியை இணைப்பாகப் பகிர முடியாமல் மக்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஃபேஸ்புக்கை விடச் சொல்லவில்லை. அது கதவு, வீடு உங்களுடையதாக இருக்கவேண்டும்.

வீடு பெரிதாக வேண்டாம். டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, உங்கள் குழுவின் பெயரில், குழுவின் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். ஆர்வமுள்ள ஓர் இளைஞரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகி, அவர் வேலைக்கு வெளியூர் போனதும் புதுப்பிப்பு அறிவிப்பு யாருக்கும் தெரியாமல் போய், பெயரை வேறு யாரோ வாங்கிவிடுவது சிறு தளங்களின் வழக்கமான முடிவு. ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஆளுக்கொரு நுழைவுப் பெயர், இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் எண்ணும்). ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்வது கூடாது.

படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவில், ஒவ்வொன்றும் 150 கிலோபைட்டுக்குள் ஏற்றுங்கள். பேருந்து நேரப் பலகையைப் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். தேடுபொறியால் அதைச் சரியாகப் படிக்க முடியாது, மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்ட முடியாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கு அது வெற்றிடம். தட்டச்சு செய்து அட்டவணையாகப் போடுங்கள். ஊர்ப் பெயரை எல்லா எழுத்துவடிவங்களிலும் ஒருமுறையாவது எழுதுங்கள்: அரசு ஆவணத்தில் உள்ளது, உள்ளூரில் சொல்வது, வெளியூர்க்காரர் தப்பாகத் தட்டுவது. தப்பாகத் தட்டுபவர்தான் உங்கள் விருந்தினர்.

தொலைவைக் கிலோமீட்டரில் மட்டும் சொன்னால் சமவெளிக்காரர் ஏமாறுவார். 38 கிலோமீட்டர் என்றால் முக்கால் மணிநேரம் என்று கணக்குப் போடுவார். நிமிடத்தில் சொல்லுங்கள், பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாக. நடைபாதைக்கு ஏற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1892இல் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் வகுத்த பழைய கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 6 கிலோமீட்டர் நடை, 900 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம். அதுவும் உடல் பழகியவர்களுக்கு, ஓய்வில்லாமல். குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஒன்றரை மடங்கு எழுதுங்கள். வானிலையிலும் இதே கோளாறு நடக்கும். பலர் போனில் பார்ப்பது அடிவார நகரத்தின் வெப்பநிலையை. 1000 மீட்டர் ஏற ஏறச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 30 டிகிரி என்றால் 1500 மீட்டர் மேலே 20 டிகிரி, காற்று அடித்தால் அதைவிடக் குளிரும். ‘கம்பளி கொண்டுவரவும்’ என்பதைவிட இந்த எண் பேசும்.

வரைபடத்தை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. ஆபத்து அதிகம் இருப்பதும் அதில்தான். 2021 ஜூலையில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலைக்கு கூகுள் மேப்ஸ் காட்டிய வழி உயிரைப் பறிக்கக்கூடியது என்று அங்குள்ள மலையேற்ற அமைப்பும் ஜான் மியூர் அறக்கட்டளையும் எச்சரித்தன. சிகரத்துக்கு மிக அருகிலுள்ள வண்டி நிறுத்தத்தைக் காட்டி, அங்கிருந்து செங்குத்தான பாறைச் சரிவின் மேல் ஒரு புள்ளிக் கோடு. கிட்டத்தில் இருப்பதும் போய்ச்சேரக்கூடியதும் மலையில் ஒன்றல்ல என்பது இயந்திரத்துக்குத் தெரிவதில்லை. பதினோரு ஊர்களுக்கும் வெளியூர்க்காரர் ஒருவரின் போனிலிருந்து கூகுள் மேப்ஸில் வழி கேட்டுப் பாருங்கள். எங்கே பள்ளத்துக்கு மறுகரையில் கொண்டுபோய் நிறுத்துகிறது, எங்கே கழுதைப் பாதையைக் கார்ச்சாலை என்கிறது என்று பட்டியல் எடுங்கள். கூகுளில் ‘திருத்தம் பரிந்துரை’ வழியாகப் படத்தோடு அனுப்புங்கள்; ஒரே திருத்தத்தை இரண்டு மூன்று பேர் தனித்தனியே அனுப்புவது நல்லது.

நடைபயணச் செயலிகள் பலவும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து எடுப்பவை. அங்கே நீங்களே கணக்குத் தொடங்கித் திருத்தலாம். அதில் ஒரு நுணுக்கம்: போகக் கூடாத பாதையை அழித்துவிடாதீர்கள். தரையில் பாதை இருக்கும்வரை, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எங்கோ இருக்கும் ஒருவர் அதை மறுபடி வரைந்துவிடுவார். பாதையை விட்டுவைத்து, அனுமதி இல்லை அல்லது தனியார் நிலம் என்ற குறிச்சொல்லைச் சேர்த்து, ஏன் என்று ஒரு குறிப்பும் எழுதுங்கள். செயலிகளில் மாற்றம் வந்துசேரச் சில வாரம் ஆகலாம்.

கதவு எண் இல்லாத வீடுகளுக்குக் கூகுள் மேப்ஸ் தரும் ‘ப்ளஸ் கோட்’ கொடுங்கள். பத்து எழுத்துக் குறியீடு. ஏறத்தாழ 14 மீட்டர் சதுரத்தைத் துல்லியமாகக் காட்டும். முன்பதிவு உறுதிச் செய்தியிலேயே அதைச் சேர்த்தால் இரவு ஒன்பது மணிக்கு ‘எங்கே இருக்கிறீர்கள்’ போன்கள் குறையும்.

காசு கட்டும் விளம்பரம் பற்றிச் சுருக்கமாக: உங்களிடமிருந்து நான்கு முதல் ஆறு மணிநேரப் பயணத்தில் உள்ள நகரங்களுக்கு மட்டும் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மணிநேரத்தில் இருப்பவர் மாலையே திரும்பிவிடுவார். விருப்பக்குறிகளை எண்ணாதீர்கள். 2011இல் சுவிட்சர்லாந்தின் ஓபர்முட்டன் என்ற குட்டி மலையூர், தன் ஃபேஸ்புக் பக்கத்தை விரும்பியவர்களின் படத்தையெல்லாம் அச்சிட்டு ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாகச் சொல்லி உலகச் செய்தியானது. பலகை நிரம்பித் தொழுவச் சுவர்வரை படங்கள் போயின. அருமையான யோசனை, முதலில் செய்தவருக்கு. நீங்கள் எண்ணவேண்டியது இரவுத் தங்கலை. எல்லா விடுதியிலும் ஒரு நோட்டு: எத்தனை பேர், எத்தனை இரவு, வாரநாளா வாரயிறுதியா, எங்கள் ஊரை எப்படித் தெரிந்துகொண்டீர்கள். மூன்று மாத நோட்டு கையில் இருந்தால் எந்த விளம்பரத்தை நிறுத்துவது என்று தானே தெரியும்.

அருவிக்கு வருவோம். படம் அழகாக இருந்தது குற்றமில்லை. அதோடு துல்லியமான இடக்குறி போட்டதும், ‘இலவசம், காரில் அருகிலேயே போகலாம்’ என்று எழுதியதும்தான் கூட்டத்தின் தன்மையைத் தீர்மானித்தன. அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் பகுதியில் சுற்றுலா வாரியமே 2018இல் படங்களில் சரியான இடத்தைக் குறிக்காதீர்கள், பொதுவான பெயரைப் போடுங்கள் என்று இயக்கம் நடத்தியது. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் 800 பேர்கூட வசிக்கவில்லை. 2023 மே மாதம் செல்ஃபி எடுக்கும் இடத்தில் காட்சியையே மறைத்து மரத்தடுப்பு வைத்தார்கள், எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். தடுப்பு வைக்கும் நிலைக்குப் போகும் முன் நீங்கள் செய்யக்கூடியவை உண்டு.

பழைய பதிவைத் திருத்தி இடக்குறியை எடுங்கள். வண்டி நிறுத்தம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில், அங்கிருந்து நடை எத்தனை நிமிடம், வயல்வழியில் வண்டி போகாது என்று முதல் வரியில் எழுதுங்கள். கூகுளில் அருவியின் குறி பாதை முடிவில் இருந்தால், வண்டி நிறுத்துமிடத்தைத் தனி இடமாகச் சேர்த்து, அருவிக்குச் சாலைவழி கிடையாது என்று திருத்தம் கொடுங்கள். இனி ஏற்றும் படங்களிலிருந்து கோப்புக்குள் மறைந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது போய்விடும். ஆவணமாக அனுப்பினாலோ சொந்தத் தளத்தில் அப்படியே ஏற்றினாலோ கூடவே வரும்.

பிறகு ஒரு கணக்கு. நிறுத்துமிடத்தில் 20 கார் நிற்கும், ஒவ்வொன்றும் இரண்டு மணி நிற்கும், பகல் எட்டு மணிநேரம் என்றால் நாளுக்கு 80 கார். காருக்கு மூன்று பேர் என்றால் 240 பேர். இந்த எண்ணைத் தாண்டும் நாளுக்கு விளம்பரம் செய்வது உங்கள் தலையில் நீங்களே மண்ணள்ளிப் போடுவது. வரும் நான்கு ஞாயிறும் வயல்வழி முனையில் ஒருவரை நோட்டோடு உட்காரவையுங்கள். கார் வந்த நேரம், போன நேரம், எங்கிருந்து வந்தார்கள். நான்கு வாரக் கணக்கோடு விடுதிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அந்த அரைப் பக்க ஒப்பந்தத்தையும் அன்றைக்கே மேசையில் வையுங்கள்.